முதல் அடி மட்டும்

காளமேகத்தின் கதையில் எனக்குப் பிடித்தவர் காளமேகம் இல்லை, அந்த இன்னொருவர். கவிபாடும் வரம் வேண்டித் திருவானைக்கா கோயிலில் அம்மனை நோக்கித் தவம் கிடந்தவர். ஒருநாள் இரவு அம்மன் வாய் நிறையத் தாம்பூலத்தோடு எதிரில் வந்து நின்று வாயைத் திறக்கச் சொல்கிறாள். எச்சில் தாம்பூலமா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதே கோயிலில், மோகனாங்கி என்ற தேவதாசிக்காகக் காத்திருந்து அப்படியே தூங்கிப்போன ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளிப் பணியாள் ஒருவன், தூக்கக் கலக்கத்தில் வாயைத் திறந்து வாங்கிக்கொள்கிறான். விடியும்போது அவன் காளமேகம். தவம் கிடந்தவருக்கு என்ன ஆயிற்று என்று கதை சொல்கிறவர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எழுத வராத நாட்களில் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். முறையாகக் கேட்டவர், கேட்டதற்கான உழைப்பையும் போட்டவர், வந்தபோது அடையாளம் தெரியாமல் விட்டவர்.

அவரைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு கூட்டம். மேடையில் ஒரு கவிஞரும் ஒரு நாவலாசிரியரும் இருந்தார்கள். கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "ஐயா, இதெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டாள். கவிஞர் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி, "அது வரும்போது வரும் அம்மா, கூப்பிட்டால் வராது" என்றார். நாவலாசிரியர் ஒலிபெருக்கியை வாங்கி, "காலை ஐந்து மணிக்கு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் வரும், உட்காராவிட்டால் வராது" என்றார். இரண்டு பதிலுக்கும் கைதட்டல் விழுந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விடைகளுக்கு ஒரே கூட்டம், ஒரே அளவில், எப்படிக் கைதட்ட முடியும்? அந்தப் பெண் குறிப்பேட்டைத் திறந்தபடியே வைத்திருந்தாள். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சரியாகத்தான் செய்தாள் என்று நினைத்தேன்.

பழக்கத்தால் நான் நாவலாசிரியர் கட்சி. கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே கதை எழுதிய ஆளுக்கு வேறு கட்சியில் இடம் கிடைக்காது. மலைவாசத் தலத்தில் அறை எடுத்து நாவல் எழுதப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு சிரிப்பு. பனியும் யூகலிப்டஸ் வாசனையும் யாருக்கும் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து நான் பார்த்ததில்லை, சளி கொடுத்திருக்கின்றன. ஆனாலும் உழைப்புக் கட்சியின் விடையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்து மணிக்கு மேசைக்கு முன்னால் உட்கார்ந்த எத்தனையோ நாட்கள் வெறும் ஐந்து மணியாகவே முடிந்திருக்கின்றன. உட்கார்ந்தவருக்கெல்லாம் வருவதில்லை. வந்த நாளில் எது வந்தது, எப்படி வந்தது என்று கேட்டால் அந்தக் கட்சி, "தொடர்ந்து உட்காருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

அடியெடுத்துக் கொடுத்த கதைகள்

இந்த இடத்தில்தான் நம்முடைய பழைய கதைகள் எனக்கு உதவின. பக்தியாகவோ வரலாறாகவோ நான் அவற்றைப் படிக்கவில்லை. எழுத்து எப்படித் தொடங்குகிறது என்று பல தலைமுறைகள் கவனித்து, ஒரு கதையாகச் சொல்லி வைத்த அவதானிப்பாகப் படித்தேன். அப்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நம் ஊர்த் தெய்வங்கள் மகா கஞ்சர்கள். ஒருவருக்கும் முழு நூலைக் கொடுத்ததில்லை. முதல் அடியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அருணகிரிநாதருக்கு 'முத்தைத்தரு'. சேக்கிழாருக்கு 'உலகெலாம்'. கச்சியப்பருக்கு 'திகட சக்கர'. சுந்தரருக்கு 'பித்தா'. அதற்கு மேல் எல்லாம் புலவன் பாடு.

சேக்கிழாரை எடுத்துக்கொள்வோம். சோழனின் அமைச்சர். அரசன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்து, அடியார்களின் வரலாற்றைக் கேளுங்கள் என்று எடுத்துச் சொல்கிறார். அப்படியானால் நீரே பாடும் என்று அரசன் பொருளும் கொடுத்துத் தில்லைக்கு அனுப்புகிறான். இன்றைய பேச்சில் சொன்னால் அது அரசாங்கம் ஒப்படைத்த வேலை. கையில் சுந்தரரின் திருத்தொண்டத் தொகை இருக்கிறது. அதை விரித்து நம்பியாண்டார் நம்பி பாடிய அந்தாதி இருக்கிறது. சரக்கு இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஊதியம் இருக்கிறது. இல்லாதது எங்கே தொடங்குவது என்பது ஒன்றுதான். தில்லையில் போய் நின்று கேட்கிறார். ஒரே ஒரு சொல் கிடைக்கிறது. அந்தச் சொல்லில் தொடங்கிய பெரியபுராணம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கடந்து கடைசிப் பாட்டின் கடைசிச் சொல்லாக மறுபடியும் 'உலகெலாம்' என்றே முடிகிறது. வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கட்டியதுபோல. (கூட்டுறவுச் சங்கத்துப் புத்தி, மன்னிக்கவும்.)

கச்சியப்பர் கதை இன்னும் சுவையானது. காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகர். கந்தபுராணத்துக்கு முருகன் முதல் அடியைக் கொடுக்கிறான். கச்சியப்பர் நாள்தோறும் நூறு பாடல் எழுதி இரவில் சந்நிதியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார், காலையில் ஏட்டில் திருத்தங்கள் இருக்கும் என்பது செவிவழிக் கதை. இப்படி ஒரு பதிப்பாசிரியர் கிடைத்தால் யாருக்குத்தான் எழுத வராது என்று தோன்றும். ஆனால் அரங்கேற்றத்தன்று நடந்தது என்ன? சபையில் ஒரு புலவர் எழுந்து, 'திகழ்', 'தசம்' இரண்டும் புணர்ந்தால் 'திகட' என்று ஆவதற்கு இலக்கணம் எங்கே, தொல்காப்பியத்தில் இல்லையே என்று முதல் அடியிலேயே மடக்கிவிட்டார். கச்சியப்பர் எழுதிய பத்தாயிரத்துச் சொச்சம் பாடல்களில் ஆட்சேபம் வந்தது கடவுள் எழுதிய அடிக்கு! அரங்கேற்றம் நின்றுபோனது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியம் ஏட்டைப் பிரித்து விதியைக் காட்டிவிட்டு மறைந்துபோனார், அவர் முருகனேதான் என்று கதை முடிகிறது. வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பெயருக்கேற்ற பௌத்தர். தன் வரியைக் காப்பாற்றிக்கொள்ள முருகன் ஒரு பௌத்தரின் இலக்கண நூலைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அருள் வேறு, இலக்கணம் வேறு என்று நம்மவர்கள் எவ்வளவு கறாராக இருந்திருக்கிறார்கள்!

இந்த வரிசையில் என்னை நிறுத்தி வைத்தது சுந்தரர் கதை. சிறு வயதிலிருந்து தெரிந்த கதைதான், ஆனால் அதற்குள் இப்படி ஒரு திருப்பம் இருப்பது வாசகர் வட்டத்துக் கேள்விக்குப் பிறகுதான் தென்பட்டது. கல்யாணப் பந்தலில் கிழவேதியர் வந்து, நீ எனக்கு அடிமை, இதோ ஓலை என்று வழக்காடுகிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் சுந்தரர் கோபத்தில், நீ என்ன பித்தனா என்று கேட்டுவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போய், தோற்று, வந்தவர் யார் என்று தெரிந்த பிறகு, பாடு என்கிறார் இறைவன். சுந்தரர் கலங்கிப்போய், எதைச் சொல்லிப் பாடுவேன் என்கிறார். முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு என்கிறார் இறைவன். 'பித்தா பிறைசூடீ' பிறக்கிறது.

அதாவது இறைவன் அங்கே புதிதாக எதையும் தரவில்லை. அன்று பகலில் சுந்தரர் வாயிலிருந்து வந்த வசவையே திருப்பிக் கொடுக்கிறான். கல்யாணப் பந்தலில், ஆத்திரத்தில், யோசிக்காமல் எறிந்த சொல். எறிந்தவருக்கு அது கவிதைக்கு ஆகும் என்ற நினைப்பே இருந்திருக்காது. இருந்தால் வெட்கம்தான் இருந்திருக்கும். இன்னொருவர் அதை எடுத்து நீட்டிய பிறகுதான் அது முதல் அடி. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்களுக்கு எழுத்தைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது என்று எனக்கு உறுதியாகப்பட்டது. வெளியிலிருந்து வந்ததாகத் தோன்றுவது நாமே எங்கோ போட்டுவிட்டு வந்தது; ஆனால் நாமே குனிந்து எடுத்தால் அது வருவதில்லை, வேறொரு கை நீட்ட வேண்டியிருக்கிறது. இதில் பாதியைத்தான் கவிஞர் சொன்னார், மீதிப் பாதியை நாவலாசிரியர் சொன்னார் என்றும் பட்டது.

புராணத்தை வைத்து வாதாடுவது சுலபம், சாட்சிக்கு யாரையும் கூப்பிட முடியாது. அதனால் தேதியும் கடிதமும் இருக்கிற ஓர் இடத்தில், ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் அன்னா கரீனினா பிறந்த இடத்தில், இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஜன்னல் திட்டில் கிடந்த புத்தகம்

1870 பிப்ரவரியில் டால்ஸ்டாயின் மனைவி ஸோபியா ஒரு குறிப்பு எழுதி வைக்கிறார். கணவர் நேற்று என்னிடம் ஒன்று சொன்னார், மேல்தட்டைச் சேர்ந்த, மணமாகி நெறி தவறிய ஒரு பெண்ணின் உருவம் தனக்குத் தோன்றியிருக்கிறதாம். அவளைக் குற்றவாளியாக அல்லாமல் பரிதாபத்துக்குரியவளாகக் காட்டுவதுதான் தன் வேலை என்கிறார், என்று. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. டால்ஸ்டாய் கிரேக்கம் படித்தார், குழந்தைகளுக்கு அரிச்சுவடி தயாரித்தார், மகா பீட்டர் காலத்தைப் பற்றி ஒரு வரலாற்று நாவலுக்காகப் புத்தகம் புத்தகமாக வாசித்துக் குறிப்பெடுத்தார். பீட்டர் நாவலுக்குத் தொடக்கம் எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். அந்தக் காலத்து மனிதர்கள் அவருக்குள் மூச்சு விடவில்லை.

இடையில், 1872 ஜனவரியில், டால்ஸ்டாயின் பண்ணையான யாஸ்னயா போல்யானாவுக்கு அருகில் யாஸென்கி ரயில் நிலையத்தில் ஒரு பெண் சரக்கு ரயிலின் முன் விழுந்து இறந்தாள். பெயர் அன்னா பிரகோவா. பக்கத்துப் பண்ணைக்காரர் பிபிகோவின் வீட்டில், அவருக்குத் துணையாக வாழ்ந்து வந்தவள். அவர் தன் வீட்டுக்கு வந்த ஜெர்மானிய ஆசிரியை ஒருத்தியை மணக்க எண்ணியபோது, ஒரு சிறு மூட்டையோடு வீட்டைவிட்டு வெளியேறியவள். பிரேதப் பரிசோதனையின்போது டால்ஸ்டாய் நேரில் போய்ப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை உலுக்கிவிட்டதாக ஸோபியா எழுதியிருக்கிறார். இங்கே நமக்கு எல்லாம் தயார்போலத் தோன்றும். மனத்தில் ஒரு பெண், கண்ணெதிரில் ஒரு சாவு, உலகின் ஆகப்பெரிய நாவலாசிரியர் ஒருவர். அன்று இரவே பேனாவை எடுத்திருக்க வேண்டும் அல்லவா? எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பீட்டரோடு மல்லுக்கட்டினார். ஓராண்டு கடந்தது.

1873 மார்ச். டால்ஸ்டாயின் மூத்த மகன் ஸெர்கேய், வயதான அத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்ட ஏதாவது புத்தகம் வேண்டும் என்று அம்மாவை நச்சரிக்கிறான். ஸோபியா புஷ்கினின் கதைத் தொகுதி ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். பையன் படிக்கிறான், பாட்டி தூங்கிவிடுகிறார். கீழே இறங்கிப் போய் அதை நூலக அறையில் வைக்கச் சோம்பல்பட்டு ஸோபியா ஜன்னல் திட்டில் போட்டுவிடுகிறார். மறுநாள் காலை காபி குடிக்க வந்த டால்ஸ்டாய் அதை எடுத்துப் புரட்டுகிறார். பலமுறை படித்த புத்தகம். அதற்குள் புஷ்கின் முடிக்காமல் விட்ட ஒரு துண்டு. விருந்தினர்கள் கோடைகால வீட்டுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள் என்று, முன்னுரை எதுவும் இல்லாமல், நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போகும் முதல் வரி. இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று டால்ஸ்டாய் வியந்தார். உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் நேற்று திடீரென்று இக்கால வாழ்க்கையைப் பற்றி ஒரு நாவல் எழுதத் தொடங்கிவிட்டார், கணவனுக்குத் துரோகம் செய்த ஒரு மனைவியின் கதை என்று ஸோபியா தன் தங்கைக்குக் கடிதம் போடுகிறார்.

இந்தக் காலைப் பொழுதைத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். சில நாட்கள் கழித்து ஸ்திராகவ் என்ற விமர்சக நண்பருக்கு டால்ஸ்டாய் எழுதி, பிறகு அனுப்பாமல் வைத்துக்கொண்ட ஒரு கடிதம் இருக்கிறது. ஏன் என்று தெரியாமல், என்ன ஆகும் என்றும் தெரியாமல், பாத்திரங்களை யோசித்தேன், தொடர்ந்தேன், மாற்றினேன், திடீரென்று எல்லாம் அழகாக ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது என்ற பொருளில் எழுதுகிறார். இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன் என்றும் சொல்கிறார். புஷ்கினின் அந்தத் துண்டில் ரயில் இல்லை, பிரேதம் இல்லை. அவரைப் பிடித்து இழுத்தது விருந்தினர் வருகிற ஒரு வரிதான். அது டால்ஸ்டாய்க்குக் கதையைத் தரவில்லை. அவரிடமே மூன்று ஆண்டாகக் கிடந்ததை அவர் பக்கம் திருப்பி நீட்டியது. திருவெண்ணெய்நல்லூரில் நடந்தது அதுதானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வரைவுகளில் கதாநாயகியின் பெயர் அன்னா அல்ல, தத்யானா. அவள் அவ்வளவு கவர்ச்சியானவளாகவும் இல்லை. அனுதாபம் கணவன் பக்கம்தான் அதிகம் சாய்ந்திருந்தது. ரயிலடியில் இறந்தவளின் பெயர் எழுத எழுதத்தான் நாவலுக்குள் வந்து சேர்ந்தது. 1870இல் மனைவியிடம் சொன்ன 'குற்றவாளி அல்ல, பரிதாபத்துக்குரியவள்' என்ற எண்ணமும் அப்படியே பின்னால்தான் வந்து உட்கார்ந்தது. அதே நேரத்தில் புஷ்கின் கொடுத்த வரி நகர்ந்துகொண்டே போனது. விருந்தினர் கூடும் காட்சி இன்று அன்னா கரீனினாவின் இரண்டாம் பாகத்தில், பெட்ஸி சீமாட்டியின் வரவேற்பறையில், ஏதோ ஒரு மாலைப்பொழுதாக ஒதுங்கி நிற்கிறது. நாவலைத் திறந்தால் முதலில் வருவது வேறு வரி, உலகத்துக்கே தெரிந்த வரி. இந்த இடத்தில் டால்ஸ்டாய் சேக்கிழாரிடமிருந்து பிரிந்து போகிறார். சேக்கிழார் வாங்கிய சொல்லைத் தலையிலும் காலிலும் வைத்துக் காத்தார். டால்ஸ்டாய் வேலை முடிந்ததும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் என்றது 1877 வரை இழுத்தது. நடுவில் அவருக்கு அந்த நாவலே கசந்துபோய், உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்கு எழுதும்போது, அன்னா எனக்குச் சலித்துவிட்டாள், ஆனாலும் தத்தெடுத்த பெண் ஆயிற்றே, அவளைப் பற்றி என்னிடம் குறை சொல்லாதீர்கள் என்று புலம்பினார். பத்திரிகையில் தொடராக வந்த நாவலின் கடைசிப் பாகத்தை, செர்பியப் போருக்குப் போகும் தன்னார்வலர்களைப் பற்றிய கருத்துக்காக ஆசிரியர் போட மறுத்ததும், டால்ஸ்டாய் அதைத் தனியாக அச்சிட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. இதே ஆண்டுகளில்தான் இங்கே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஊர்க்காரர்களும் மடத்தார்களும் கேட்கக் கேட்கத் தல புராணம் பாடிக்கொண்டிருந்தார். அவர் வாயால் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். உ.வே.சா. அப்படி எழுதியவர்களில் ஒருவர். உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து என்று பிள்ளையவர்களை யாராவது கேட்டிருந்தால், எந்த ஊர்ப் புராணத்துக்கு என்று திருப்பிக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

போதும், நிறுத்துங்கள்

கொடுத்த வரி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. காளமேகம் வெற்றிலைச் சாற்றோடு முடிந்துபோன ஆளில்லை. அவருடைய பாட்டுகளில் பல, யாராவது ஒரு சொல்லையோ ஈற்றடியையோ கொடுத்துப் பாடு என்று சீண்டியதில் பிறந்தவை. 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடி என்றார் ஒருவர். முருகனைப் பாடும் வெண்பாவாகவே அது முடிந்தது. தலையும் வாலும் கேட்டவருடையவை, உடம்பு இவருடையது. கேட்டவர் நடுவில் இன்னொரு சொல்லையும் கொடுத்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

ஹென்றி ஜேம்ஸ் இதைப் பற்றி ஒரு முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்து விருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணி, வீட்டு மேசை நாற்காலிகளுக்காக ஒரு தாயும் மகனும் சண்டை போட்டுக்கொள்வதைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். பத்து வார்த்தை. அந்தப் பத்து வார்த்தையிலேயே ஜேம்ஸுக்கு ஒரு நாவல் முளைவிட்டுவிட்டது. அந்த அம்மாளோ விடாமல், பிறகு என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லத் தொடங்க, வாழ்க்கை தன் அசட்டுத்தனத்தால் கதையைக் கெடுக்கிறதே என்று ஜேம்ஸ் உள்ளுக்குள் தவித்திருக்கிறார். கோல்ரிட்ஜின் குப்ளா கான் கவிதைக்கும் இதையொட்டிய ஒரு கதை உண்டு. கான் மாளிகை கட்டச் சொன்னதைப் பற்றி ஒரு பழைய பயண நூலில் ஒரு வாக்கியத்தைப் படித்துக்கொண்டே மருந்து மயக்கத்தில் தூங்கிப்போனார், கனவில் முழுக் கவிதையும் வந்தது, எழுந்து எழுதும்போது போர்லாக்கிலிருந்து யாரோ வேலையாக வந்து கதவைத் தட்டியதில் மீதி மறந்துபோயிற்று என்பது அவர் சொன்னது. 54 வரி மிஞ்சியது. போர்லாக்குக்காரரை எல்லாரும் திட்டுகிறார்கள். எனக்கு அவர்மேல் சந்தேகமில்லை. முழுக் கவிதையையும் கொடுத்துவிட்டதாகச் சொல்கிற அந்தக் கனவின்மேல்தான் சந்தேகம். அப்படி யாரும் கொடுப்பதில்லையே.

என் அளவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் இதெல்லாம் ஊரார் கதையாகவே போய்விடும். மன்னார்குடிப் பக்கத்தில் என் பெரிய அத்தை ஒருவர் இருந்தார். குடும்ப அட்டை தாளாக இருந்த காலம். மாமா இறந்த பிறகும் அட்டையிலிருந்து அவர் பெயரை அத்தை எடுக்கவே இல்லை. சர்க்கரை தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. மாதம்தோறும் மாமாவின் பங்கையும் சேர்த்து வாங்கி வருவார். சமையலறைப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது. இறந்தவரின் சர்க்கரை அதில் சேர்கிறது என்று விடுமுறைக்குப் போயிருந்த நான் எப்படியோ முடிவு செய்துகொண்டேன். எழுத வந்த பிறகு இது கதையாகும் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, எழுதவில்லை. உட்கார்ந்து முயன்ற போதெல்லாம் அத்தை ஒரு நல்ல உள்ளமாக மாறிப்போய், வாக்கியங்களில் ஈரம் சொட்டும். கிழித்துப் போட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, வீடு மாறும்போது வாடகை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட நேர்ந்தது. அதில் ஒரு ஷரத்து: முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற பொருட்களுக்கு உரிமையாளர் பொறுப்பல்ல. பத்திரத் தமிழ். தட்டச்சு செய்தவருக்கோ வீட்டுக்காரருக்கோ அந்த வரியால் எந்தச் சலனமும் இல்லை. எனக்கு முழங்கை சிலிர்த்தது. அன்று இரவு எழுதியது அத்தையின் கதைதான், ஆனால் அழுகிற கதையாக இல்லை. பங்குக் கணக்குப் பார்க்கிற ஒருத்தியின் குரலில், பத்திரம் போல வறட்டுத்தனமாக ஓடியது. இறந்தவருக்கு வரவேண்டியதை வாங்கிக் கொடுப்பது தன் பொறுப்பு என்று நினைக்கிற ஒருத்தி. ஷரத்து கதையின் முதல் வரியாக இருந்தது. இரண்டாவது வரைவில் நாலாவது பத்திக்குப் போய், கடைசியில் அடிபட்டுக் காணாமல் போயிற்று. கதை ஒரு சிற்றிதழில் வந்தது.

அதைப் படித்துவிட்டு அத்தையின் மகள், எனக்கு அத்தாச்சி, தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த டப்பாவில் சர்க்கரை எங்கே இருந்தது? அதில் இருந்தது கல்லுப்பு. மூடி இறுக்கமாக இருக்கும் என்று அதில் போட்டு வைத்திருந்தோம்." மாமாவின் சர்க்கரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "முக்கு டீக்கடைக்கு விற்றுவிடுவாள் அம்மா. கடைக்காரர் மாதக் கடைசியில் காசு கொடுப்பார். அதற்காகத்தானே பெயரை எடுக்காமல் வைத்திருந்தாள்." பிறகு அவர் நிறுத்தவில்லை. அந்தக் காசில்தான் தனக்குத் தீபாவளிச் சீட்டு கட்டியதாகவும், ஒருமுறை டீக்கடைக்காரர் எடையில் ஏமாற்றிவிட்டதாகவும், அத்தை கடை வாசலில் நின்று, இது செத்தவர் சொத்து, இதில் கை வைத்தால் விளங்காது என்று சத்தம் போட்டதாகவும், அன்றிலிருந்து கடைக்காரர் ஒரு பிடி கூடுதலாகவே கணக்கு வைத்ததாகவும் சொல்லிக்கொண்டே போனார். ஜேம்ஸாக இருந்திருந்தால் செத்தவர் சொத்து என்ற இடத்தில் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். நான் பொத்திக்கொள்ளவில்லை. கடைக்காரர் பெயர் என்ன, தராசு எந்தப் பக்கம் தொங்கும், சண்டை நடந்தது காலையிலா மாலையிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அத்தாச்சிக்கே ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், "உனக்கு இதெல்லாம் எதற்கு, கதையைத்தான் எழுதி முடித்துவிட்டாயே" என்று போனை வைத்துவிட்டார்.